ஏசி உங்க வீட்டில், அனல் யார் வீட்டில்?

1/ வாழப்பாடியில் வீடு கட்டணும்னா பேரூராட்சியில் பிளான் அப்ரூவல் வாங்கணும். அதே வீட்டில் ஏசி மாட்ட? கடையில் பணம் கட்டினால் மறுநாள் ஆள் வந்து சுவரைத் துளைப்பார். வெளி யூனிட் எந்தப் பக்கம்னு யாரும் கேட்பதில்லை.

2/ ஒரு கணக்கு சொல்றேன். 1.5 டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து 5 கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியே தள்ளும். அது இழுக்கும் மின்சாரம் சுமார் 1.5 கிலோவாட். அதுவும் வெப்பமாகத்தான் வெளியேறும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றைச் சந்தில் எரியவிட்ட மாதிரி.

3/ சந்துக்கு அந்தப் பக்கம் சிமெண்ட் ஷீட் வீடு, ஒரே ஜன்னல். அவங்க அதையும் சாத்திக்க வேண்டியதுதான்.

4/ டாக்டரா சொல்றேன், பகல் வெயிலை மட்டும் பார்க்காதீங்க. ராத்திரி உடம்பு குளிர்ந்தால்தான் மறுநாள் தாங்கும். வயசானவங்க, இதய, சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகளுக்குப் புழுக்கமான ராத்திரி நிஜமான ஆபத்து.

5/ ஏசியே வேண்டாம்னு சொல்லலை. பலருக்கு அது ஆடம்பரம் இல்லை, தேவை. "இதுக்கும் ஒரு பர்மிட்டா, அதுக்கும் லஞ்சமா?"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். தனி அனுமதி வேண்டாம், ஒரு விதி போதும்: வெளி யூனிட் மொட்டை மாடியில், இல்லைன்னா அடுத்தவர் ஜன்னலைப் பார்க்காத பக்கம். புது வீட்டு பிளானிலேயே அந்த இடத்தைக் காட்டணும். பைப் செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

6/ வெப்ப அலையைத் தமிழக அரசு 2024-லேயே மாநிலப் பேரிடரா அறிவிச்சாச்சு. விதி வரும்வரை காத்திருக்காதீங்க. ஏசி மாட்ட ஆள் வரும்போது வெளியே போய் நின்னு பாருங்க, அந்தக் காற்று யார் மேல படும்னு.