மணி அடித்தவர்

பள்ளிக்கூடத்து வாத்தியார் செய்வதைத் தொண்டு என்கிறோம். அதே பள்ளிக்கூடத்துப் பியூன் செய்வதை வேலை என்கிறோம். இருவரும் ஒரே ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டுத்தான் சம்பளம் வாங்குகிறார்கள். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? நாம் மரியாதை செய்வது நாற்காலிக்கு. உட்கார ஒரு முக்காலி மட்டுமே உள்ளவனுக்கு அந்த மரியாதை எப்படிக் கிடைக்கும்?

எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் 1950 முதல் 1980 வரை ஒருவர் மணி அடித்தார். மணி என்றால், வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. பானையில் தண்ணீர் நிரப்புவார். வகுப்பு வகுப்பாகச் சர்க்குலர் கொண்டு போவார். ஆகஸ்டு 15-இல் கயிற்றை இழுத்ததும் பூக்கள் கொட்டும்படி கொடியை மடித்து முடிச்சுப் போட அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கயிற்றை இழுக்கிற பெருமை மட்டும் வருஷத்துக்கு ஒரு பிரமுகருக்கு! ஊர் அவரைப் 'பட்டாளம்' என்று கூப்பிட்டது. அதில் மரியாதை கொஞ்சம், கேலி அதிகம்.

1942-இல் பட்டாளத்தில் சேர்ந்தவர் அவர். திமாப்பூரிலிருந்து கோஹிமா வழியாக இம்பால் போகும் மலைப்பாதையில், மழையில் சரிந்த மண்ணை வாரி ரோடு போட்ட சாப்பர்களில் ஒருவர். 1944-இல் ஜப்பானியப் படை அந்த மலைகளில்தான் தடுத்து நிறுத்தப்பட்டது. 1945-இல் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் அவர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமானால் 15 வருஷ சேவை வேண்டும். நான்கு வருஷம் உயிரைப் பணயம் வைத்தவன் அந்தக் கணக்கில் வரமாட்டான். அதனால்தான் அவர் மணி அடிக்க வந்தார்.

"வெள்ளைக்காரன் சம்பளத்துக்குச் சண்டை போட்டவன்தானே?" என்று கேட்கிற தேசபக்தர்கள் உண்டு. அவர்களை ஒன்று கேட்கிறேன். அதே வருஷங்களில் கலெக்டர் ஆபீஸிலும் தாலுகா கச்சேரியிலும் உட்கார்ந்து பேனா ஓட்டிய நம் தாத்தாக்கள் யாரிடம் சம்பளம் வாங்கினார்கள்? சுதந்திரம் வந்த பிறகும் அவர்களுக்குப் பென்ஷன் வந்தது. ராவ் பகதூர் பட்டம் வாங்கியவர் வீட்டுச் சுவரில் அந்தப் படம் இன்னும் தொங்குகிறது. பேனா பிடித்தவனுக்கு இல்லாத களங்கம், மண்வெட்டி பிடித்தவனுக்கு மட்டும் எப்படி ஒட்டிக்கொண்டது?

எதிர்ப்பக்கத்தில், நேதாஜியின் படையில், மலேயா ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள் நின்றார்கள். 1972-இல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த தியாகிகள் பென்ஷனில் அந்தப் படையினருக்கும் இடம் கொடுத்தார்கள்; நியாயம்தான். ஆனால் அந்தப் பக்கம் நின்றவனும் ஏழை, இந்தப் பக்கம் நின்றவனும் ஏழை. எந்தப் பக்கம் நிற்பது என்று தீர்மானிக்கிற வசதி இருவரில் எத்தனை பேருக்கு இருந்தது?

1986-இல் அவர் இறந்து போனார். அதே வருஷம் பள்ளி நிர்வாகியின் தகப்பனார் காலமானதற்கு ஒரு நாள் லீவு விட்டார்கள். அந்தப் பெரியவர் பள்ளிக்குள் காலெடுத்து வைத்ததை நான் பார்த்ததில்லை. முப்பது வருஷம் மணி அடித்தவர் இறந்த அன்று, மணி வழக்கம்போல் பத்துக்கு அடித்தது. அனுதாபத் தீர்மானம் இல்லை. ஒரு நிமிஷ மௌனம் கூட இல்லை.

கோஹிமா மயானத்தில், தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்கு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். வைத்தவன் அந்நியன். செத்திருந்தால் இவர் பெயரும் அங்கே இருந்திருக்கும். உயிரோடு நம்மிடம் திரும்பி வந்ததுதான் அவர் செய்த குற்றமா?

சிலை வைக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியர்களின் பெயர்ப் பலகை ஒன்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பலகை மாட்டுங்கள். மணி அடித்தவர், பெருக்கியவர், தண்ணீர் சுமந்தவர் பெயர்களை எழுதுங்கள். ஒரு சாண் பலகைக்கு என்ன செலவாகிவிடும்? அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால், யாரோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். உங்கள் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தவர் பெயர் என்ன? முதலில் அதைச் சொல்லுங்கள்.