நூலகத்தார்க்கு ஒரு புதுப் பயிற்சி

நூற்பெயர் வேண்டும் மாணவர் பலர் இந்நாளில் செயற்கை நுண்ணறிவையே வினவுகின்றனர். அதுவோ, ஒரு சொல்லின் பின் எச்சொல் வருதல் கூடும் எனக் கணித்துத் தொடுப்பது. ஆதலின், எவரும் எழுதாத நூலுக்கும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் புனைந்து தந்துவிடும். 2023-இல் நியூயார்க்கில், அது புனைந்த தீர்ப்புகளை மெய்யென நீதிமன்றத்தில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது.

இம்மயக்கத்தைத் தீர்க்க வல்லார் பல்கலைக்கழக நூலகத்தாரே. ஆயினும், அக்கருவி இயங்கும் முறையை அறியாதார் அதன் பிழையை எங்ஙனம் காட்டுவர்? சென்னைப் பல்கலைக்கழகம், கணித ஆசிரியராயிருந்த எஸ். ஆர். அரங்கநாதனாரை 1924-இல் நூலகராக்கி, இலண்டனுக்கு அனுப்பிப் பயிற்சி பெறச் செய்தது. அன்று ஒருவர்க்குச் செய்ததை இன்று, நூலெடுத்துத் தருவார் ஈறாக, நூலகத்தார் அனைவர்க்கும் பல்கலைக்கழகங்கள் செய்தல் வேண்டும். கருவியை வாங்கப் பொருள் உண்டெனில், கற்பிக்கவும் பொருள் உண்டன்றோ?