லேபல் இல்லாத வெள்ளைத் தூள்: எங்கள் பட்டறைகளில் வெண்காரம்

யாழ்ப்பாணத்தில் ஒரு நகைப் பட்டறைக்குள் நுழைந்தால், ஊதுகுழலுக்குப் பக்கத்தில் சிறு கிண்ணத்தில் வெள்ளைத் தூள் இருக்கும். அது வெண்காரம். தங்கத்தைப் பற்றவைக்கும்போது மேலே படியும் ஒட்சைட்டைக் கரைத்து, பற்றாசு சீராக ஓட உதவுவது அதுதான். தச்சுப் பட்டறைக்கு வரும் இறப்பர் மரப் பலகையும் பூச்சி அரிக்காமல் இருக்க இதே குடும்பத்துத் தூளில் ஊறித்தான் வந்திருக்கும். பப்பாசிப் பழம் கட்டிகட்டியாக உருக்குலைந்து காய்த்தால், மண்ணில் போரன் குறைவு என்று விவசாயப் போதனாசிரியர் சொல்லக்கூடும். வாசிகசாலையில் கரம் போர்டில் தூவும் போரிக் பவுடரும் இதன் உறவுதான்.

இவ்வளவு இடங்களில் புழங்கும் ஒரு பொருளைப் பற்றி எங்களிடையே பேச்சே இல்லை. நச்சு என்றால் பூச்சிமருந்து, அசிட், எரிவாயு என்றுதான் நினைக்கிறோம். வெண்காரம் மணக்காது, எரியாது, கையைச் சுடாது. சீனியோடோ உப்போடோ அப்பச்சோடாவோடோ வைத்தால் கண்ணால் பிரித்தறிய முடியாது. அதன் ஆபத்தே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

போரேற்றுச் சேர்மங்கள் பெரும் கொலைகார நஞ்சுகள் அல்ல. காயமில்லாத தோலில் பட்டால் அவை உடலுக்குள் போவது மிக மிகக் குறைவு. தூசு பறந்தால் மூக்கும் தொண்டையும் எரியும், இருமல் வரும், கண் உறுத்தும். வேலைத்தலக் காற்றில் போரேற்றுத் தூசு ஒரு கனமீற்றருக்கு 2 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது தொழில்சார் சுகாதார நிபுணர்கள் பயன்படுத்தும் ஓர் அளவு. கதவு யன்னல் பூட்டிய சிறு அறையில் மூட்டையைக் கவிழ்த்துக் கொட்டுகிறவரிடம் இதை அளக்கும் கருவி இருக்கப்போவதில்லை. அவருக்குத் தேவை நல்ல காற்றோட்டமும் தூசு வடிக்கும் முகக்கவசமும்தான். கொட்டுண்ட தூளை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்தெடுப்பது அடுத்தது.

பாரதூரமான விடயம் வேறு. எலி, சுண்டெலி, நாய் ஆகியவற்றில் செய்த ஆய்வுகளில், அதிக அளவு போரேற்று தொடர்ந்து கொடுக்கப்பட்டபோது ஆண் விலங்குகளின் விந்தகங்கள் சுருங்கின. கருவுற்ற விலங்குகளின் குட்டிகள் எடை குறைந்தும் எலும்புக் குறைபாடுகளோடும் பிறந்தன. இவற்றை வைத்துத்தான் ஐரோப்பிய ஒன்றியம் போரிக்கமிலத்தையும் போரேற்றுகளையும் இனப்பெருக்கத்துக்குக் கேடான பொருட்களாக வகைப்படுத்தியது. 2010இல் மிகக் கவனத்துக்குரிய பொருட்களின் பட்டியலிலும் சேர்த்தது. மறுபுறம், துருக்கியிலும் சீனாவிலும் போரன் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலைசெய்யும் ஆண்களிடம் நடத்திய ஆய்வுகளில் அப்படிப்பட்ட தெளிவான பாதிப்பு காணப்படவில்லை. ஆகவே பட்டறையில் வேலைசெய்தவர் எவரும் பயந்து வீட்டிலிருக்கத் தேவையில்லை. ஆனால் கர்ப்பிணிப் பெண்ணைக் கொண்டு இந்தத் தூளை நிறுக்கவும் பொதிசெய்யவும் வைக்கும் முதலாளிக்கு அந்த ஆய்வு ஒரு சாட்டாகவும் ஆகாது.

எங்கள் மக்களுக்கென்று தனியாகச் சொல்லவேண்டிய இரண்டு உண்டு.

முதலாவது, காயம். முழுத் தோல் போரேற்றைத் தடுக்கும், புண்பட்ட தோல் தடுக்காது. கடந்த நூற்றாண்டில் பல நாடுகளில் குழந்தைகளின் அணையாடைப் புண்ணுக்குப் போரிக் பவுடர் தூவினார்கள். அதனால் குழந்தைகள் இறந்த பிறகே அந்த வழக்கம் கைவிடப்பட்டது. யுத்தத்தில் காலை இழந்து செயற்கைக் காலோடு பட்டறையில் நிற்கிறவர்கள் எங்களிடம் எத்தனையோ பேர். செயற்கைக் கால் உரசி முனையில் புண் வருவது அவர்களுக்குப் புதிதல்ல. அந்தப் புண்ணை மூடிக் கட்டாமல் இந்தத் தூசுக்குள் நிற்கக்கூடாது.

இரண்டாவது, சிறுநீரகம். உடலுக்குள் போன போரனில் பெரும்பகுதி சிறுநீரோடுதான் வெளியேறும். ஆரோக்கியமானவரில் ஏறத்தாழ ஒரு நாளில் பாதி போய்விடும். சிறுநீரகம் பழுதானவரில் அது தங்கும். வவுனியா போன்ற இடங்களில் காரணம் துலங்காத சிறுநீரக நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது வாசகர்களுக்குத் தெரியும். அந்த நோயுள்ளவர் இந்த வேலையை ஏற்குமுன் வைத்தியரிடம் கேட்கவேண்டும்.

வீட்டுப் பழக்கம் ஒன்றையும் விடமுடியாது. பொரித்த வெண்காரத்தைத் தேனில் குழைத்துக் கைக்குழந்தையின் வாய்ப்புண்ணுக்குத் தடவுவது எங்கள் பாட்டிமார் கைவைத்தியம். மேற்கு நாடுகளிலும் வெண்காரமும் தேனும் கலந்து சூப்பியில் தடவிக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது 1980களில் மருத்துவ இதழ்களில் பதிவானது. பாட்டிமார் மீது குறை சொல்வதற்கில்லை, அவர்கள் கையில் இருந்த மருந்து அது. இன்று கிராமத்துக்குக் குடும்பநல உத்தியோகத்தர் வருகிறார். அவரிடம் கேட்கலாம்.

இனி, பொறுப்பு யாருடையது என்ற கேள்வி. முறையாக இறக்குமதியாகும் இரசாயன மூட்டை ஒவ்வொன்றுக்கும் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத்தாள் உண்டு. மூட்டையில், நெஞ்சில் நட்சத்திரம் வெடித்ததுபோன்ற மனித உருவம் சிவப்புச் சாய்சதுரத்துக்குள் இருக்கும். உடலுக்கு நாட்பட்ட கேடு உண்டு என்பதற்கான சர்வதேச அடையாளம் அது. அந்த மூட்டை மொத்த வியாபாரியிடம் பிரிந்து ஒரு கிலோ, கால் கிலோ பொலித்தீன் பைகளாகும் இடத்தில் அடையாளமும் தாளும் காணாமல் போகின்றன. தாள் கைக்கு வந்தாலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. முல்லைத்தீவில் மரத்தூள் அள்ளும் ஒரு பெண்ணின் கையில் இருக்கும் பையில் அந்த ஆட்சிமொழியைக் காண முடியவில்லை. மொழியுரிமை என்றால் பெயர்ப்பலகை என்று மட்டும் பேசிப் பழகிவிட்டோம்.

சட்டமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உண்டு, 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் உண்டு. எண்பது வருடத்துக்கு மேற்பட்ட இந்தச் சட்டங்களை வைத்து, வீட்டு முற்றத்தில் தகரம் போட்டு இரண்டு பேரோடு நடக்கும் பட்டறையை யார் வந்து பார்ப்பது? கைத்தொழில் ஊக்குவிப்பு என்று இயந்திரம் கொடுக்கும் திட்டங்கள் முகக்கவசத்தையும் தமிழில் ஒரு பக்கத் தாளையும் சேர்த்துக் கொடுத்தால் பெரிய செலவு வராது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் பனங்களியில் உடுப்புத் தோய்த்தோம், ஜாம் போத்தலில் விளக்கு ஏற்றினோம். கிடைத்ததைக் கொண்டு சமாளிக்கும் அந்தக் கெட்டித்தனம்தான் இன்று பெயர் தெரியாத தூளையும் கேள்வியில்லாமல் வாங்கவைக்கிறதோ என்று சிலவேளை தோன்றும்.

பட்டறைக்காரருக்கு இன்னும் சில. தூளைப் பால்மா ரின்னிலோ சோடாப் போத்தலிலோ போட்டு வைக்கவேண்டாம். பூட்டக்கூடிய பாத்திரத்தில் பெரிய எழுத்தில் தமிழில் பெயர் எழுதிக் குசினிக்கு வெளியே வையுங்கள். வேலை முடிந்ததும் கையைக் கழுவிய பிறகே தேத்தண்ணியும் வெற்றிலையும். மரம் ஊறவைத்த நீரைக் கிணற்றடியில் ஊற்றவேண்டாம். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லுக்கூடாக அது கிணற்றுக்கே இறங்கும், சுன்னாகத்தில் எண்ணெய் கலந்த கிணறுகளை எல்லோரும் பார்த்தோம். பதனிட்ட மரத்தூளைக் கோழிக்கூட்டுக்கும் தோட்டத்துக்கும் போடுவதும் கூடாது. அளவு கொஞ்சம் மிஞ்சினாலும் போரன் பயிரைக் கருக்கிவிடும்.

கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவவேண்டும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. வாயைக் கொப்பளிக்க வைத்து, 1990 அம்புலன்ஸை அழையுங்கள். வைத்தியசாலைக்குப் போகும்போது அந்தத் தூள் இருந்த பையையும் கையோடு கொண்டு போகவேண்டும். பையில் பெயர் இல்லாவிட்டால் தூளில் கொஞ்சத்தையாவது.