‘சிவில் மேட்டர்’ என்றால் எழுதிக் கொடுங்கள்

தருமபுரி நீதிமன்ற வளாகத்துக்கு வரும் கட்சிக்காரர்களில் பலர் நேராக எங்களிடம் வருவதில்லை. முதலில் காவல் நிலையம், பிறகு ஊர்ப் பெரியவர்கள், அப்புறம் வட்டாட்சியர் அலுவலகம், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் ஒரு மனு. எல்லாம் சுற்றி முடித்து, மஞ்சள் பையில் மனு ரசீதுகள் ஒரு கட்டு சேர்ந்த பிறகுதான் வக்கீலைத் தேடுகிறார்கள். அதற்குள் சட்டம் கொடுத்த கெடு பாதி தீர்ந்திருக்கும். சிலருக்கு முழுதும் தீர்ந்திருக்கும்.

உரிமையியல் எது, குற்றவியல் எது என்பது சட்டக் கல்லூரியில் முதலாண்டு மாணவருக்கு நடத்தும் பாடம். பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வி. அந்தப் பாடம் தெரியாததால் ஒரு விவசாயி என்ன இழக்கிறார் என்பதை வழக்கறிஞர் தொழிலில் இருப்பவர்கள் அன்றாடம் பார்க்கிறோம்.

காரிமங்கலம் பக்கம் தக்காளி பயிரிடும் ஒருவர். பக்கத்துக் காட்டுக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக டிராக்டரை விட்டு வரப்பை உழுது, எல்லைக் கல்லையும் பிடுங்கிப் போட்டுவிட்டார். அரை ஏக்கர் போய்விட்டது.

“ஸ்டேஷன்ல என்ன சொன்னாங்க?”

“அது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போன்னுட்டாங்க சார். கோர்ட்டுன்னா இழுத்துட்டே போகும், ஊர்லயே பேசிக்கலாம்னு பெரியவங்க சொன்னாங்க. பேசிட்டே இருந்தோம்.”

“எப்ப உழுதாங்க?”

“தைப் பொங்கல் முடிஞ்சு.”

அவர் வந்தது ஐப்பசியில். 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம், 6-ஆம் பிரிவில் எளிய வழி ஒன்றை வைத்திருக்கிறது. நிலத்திலிருந்து முறையின்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், நிலம் யாருக்குச் சொந்தம் என்றே நிரூபிக்க வேண்டியதில்லை. அனுபவத்தில் இருந்தேன், பிடுங்கிக்கொண்டார்கள் என்று காட்டினால் போதும். அந்த ஆறு மாதத்தைப் பஞ்சாயத்து தின்றுவிட்டது. இனி மூலப் பத்திரத்தில் தொடங்கி, அளவைப் படம், ஆணையர் ஆய்வு என்று முழு உரிமை வழக்குதான் நடத்த வேண்டும். காவல் நிலையத்தில் ‘சிவில்’ என்று சொன்னது தவறென்றே வைத்துக்கொள்ள வேண்டாம். எந்தக் கோர்ட்டுக்கு, எத்தனை நாளுக்குள் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருந்தால் அவருடைய நிலைமையே வேறு.

கடன் விவகாரமும் இப்படித்தான். புரோநோட்டு எழுதி வாங்கியிருந்தால் அது உரிமையியல்; வழக்குப் போட மூன்று ஆண்டு. அதே கடனுக்கு வாங்கிய காசோலை பணமில்லாமல் திரும்பினால் அது குற்றம். தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அவர் பணம் கட்ட 15 நாள், கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். அடிதடியிலும் வகை உண்டு. கையால் அடித்து லேசான காயம் என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. அரிவாளால் கீறினால் உடனே வழக்குப் பதிய வேண்டும். எந்தக் குற்றம் எந்த வகை, எந்தக் கோர்ட் விசாரிக்கும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே போட்டிருக்கிறது. அதைத் தமிழில் அச்சடித்து ஒட்டியிருக்கும் காவல் நிலையம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

அறியாமை ஒரு பக்கம். இந்த வகைப்பாடு யார் கையில் இருக்கிறது என்பது இன்னொரு பக்கம். ஆள்பலம் உள்ளவருக்குக் கொடுக்கல் வாங்கல் தகராறு என்றால், கடன் வாங்கியவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துவிடுகிறார்கள். சிவில் வழக்கு அங்கே குற்றமாகிவிடுகிறது. இல்லாதவருக்கு நடந்த குற்றமோ சிவிலாகிவிடுகிறது. சிவில் தகராறுகளைக் குற்ற வழக்காக மாற்றும் போக்கை இந்தியன் ஆயில் - என்.இ.பி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-லேயே கண்டித்தது. போக்கு மாறவில்லை.

வகைப்படுத்தும் அதிகாரம் எதுவரை போகும் என்று தெரிந்துகொள்ள நம் மாவட்டத்துக்காரர்கள் வெளியே தேட வேண்டியதில்லை. அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20-இல் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, தானியமும் ஆடுமாடும் போயின. அரசுக் கோப்பில் அது சந்தனக் கடத்தல் வழக்கு. அடிபட்ட ஊரே குற்றவாளிப் பட்டியலில் இருந்தது, பெண்களும் சிறைக்குப் போனார்கள்.

மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் போராடிய பிறகு, 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்ற வழக்கு என்றால் பாதிக்கப்பட்டவருக்காக அரசு நடத்தும் வழக்கு என்று முதலாண்டு மாணவர் படிக்கிறார். இங்கே குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்திருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. அதே செப்டம்பர் 29-இல், 2023-ஆம் ஆண்டு, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய், அதில் பாதியைப் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும், அப்போதைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சேர்த்துச் சொன்னார். தண்டனையும் இழப்பீடும் ஒரே தீர்ப்பில் வந்தன. கோப்பில் முதல் நாள் எழுதிய வகையை மாற்ற அந்த ஊர் கொடுத்த விலை, தலைமுறைக்கு மேலான காலம்.

அந்த மலையடிவார மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று: பட்டியல் சாதி, பழங்குடியினரின் நிலத்தை அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவர் முறையின்றி ஆக்கிரமித்தாலோ பயிரிட்டாலோ, 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி அதுவே குற்றம். அங்கே ‘நிலத் தகராறு, சிவில்’ என்ற பதில் செல்லாது.

காவல்துறைக்கும் ஒரு நியாயம் உண்டு. சிவில் விவகாரத்தில் தலையிடாதே என்று நீதிமன்றங்களே அவர்களைக் கண்டிக்கின்றன. ஆள் பற்றாக்குறையும் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். தலையிட வேண்டாம், எழுதிக் கொடுக்கட்டும். ‘உரிமையியல் தன்மை உடையது, இன்ன காரணம்’ என்று மனு ரசீதிலேயே இரண்டு வரி. எழுத வேண்டும் என்றாலே பொய்யாகச் சொல்ல யோசிப்பார்கள். போலீஸ் நேரடியாக விசாரிக்கத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2013-இல் சொல்லியிருக்கிறது. மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதலாம், அதன்பின் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம் என்று புதிய சட்டத்தின் 173(4) பிரிவும் சொல்கிறது. எழுத்தில் மறுப்பு கையில் இருந்தால் இரண்டு படியும் எளிது.

அரசுக்கு இரண்டு கோரிக்கைகள். பத்தாம் வகுப்புக் குடிமையியல் பாடத்தில் நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கும் இடத்தில் கொஞ்சத்தைப் பிடித்து, வரப்பு, புரோநோட்டு, செக், அடிதடி ஆகிய நான்கையும் எந்தக் கோர்ட், எத்தனை நாள் என்று சொல்லிக்கொடுங்கள். தருமபுரியில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அதன் மாணவர்களை அரூருக்கும் பென்னாகரத்துக்கும் சட்ட உதவி முகாம்களுக்கு அனுப்புங்கள்.

வாசகர்களுக்கு ஒன்று. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு நீதிமன்றத்திலேயே இருக்கிறது; இலவச சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100. ஸ்டேஷனில் ‘இது சிவில்’ என்றால் வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். மனு ரசீது வாங்கிக்கொண்டு, அந்த வாரத்திலேயே ஒரு வக்கீலைப் பாருங்கள்.