மண்வள அட்டையில் இல்லாத கட்டம்

ராஜஸ்தானின் சூரத்கரில் 2015-இல் தொடங்கிவைக்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டம் 12 அளவீடுகளைச் சொல்கிறது. தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச்சத்து. உரப் பரிந்துரைக்கு இவை தேவைதான். ஆனால் மட்கைச் சிதைத்துத் தழைச்சத்தைப் பயிருக்கு எடுத்துக்கொடுக்கும் நுண்ணுயிர்களைப் பற்றி அட்டையில் ஒரு வரி கூட இல்லை. உயிர் உரப் பொட்டலங்களை மானியத்தில் கொடுக்கும் அரசுகள் இதைக் கேட்காமல் விட்டது விந்தை. அட்டையில் நுண்ணுயிர்ச் செயல்பாட்டுக்கும் இடம் வேண்டும்.

கரிமச்சத்து அளவே போதாதா? போதாது. அதில் மாற்றம் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். நுண்ணுயிர்களோ ஒரே போகத்தில் பதில் சொல்லிவிடும். தமிழக அரசின் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாளுர விதை கொடுக்கிறார்கள். தக்கைப்பூண்டை மடக்கி உழுத வயல் தேறியதா என்று பார்க்க ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க முடியுமா?

இதற்கு மரபணுப் பகுப்பாய்வெல்லாம் வேண்டாம். பாக்டீரியாக்களின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு விவசாயி என்ன செய்வார்? டிஹைட்ரஜனேஸ் சோதனை போதும். ஈர மண்ணில் நிறமற்ற டெட்ராசோலியம் கரைசலை ஊற்றி, 37 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் வைத்தால், உயிருள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிவப்பாக்கும். மெத்தனாலில் வடித்தெடுத்து, சிவப்பின் அடர்த்தியை அளக்க வேண்டியதுதான். மணிச்சத்தை அளக்க ஆய்வகங்களில் இருக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரே இதற்கும் உதவும்.

மழைக்கும் வெயிலுக்கும் இந்த எண் மாறும் என்ற ஆட்சேபம் நியாயமானது. தண்ணீர் கட்டிய நெல் வயலில் எகிறும். காய்ந்த மானாவாரிக் காட்டில் படுத்துவிடும். ஆகவே மாநிலம் முழுமைக்கும் ஒரே வரம்பு வைப்பது மடமை. அதே வயலை, அதே பருவத்தில், அதே ஈரப்பதத்தில் ஆண்டுதோறும் ஒப்பிடுவதே முறை.

உண்மையான முட்டுக்கட்டை மாதிரி எடுப்பதில் இருக்கிறது. இப்போது 'வி' வடிவக் குழி வெட்டி எடுத்த மண்ணை நிழலில் உலர்த்திப் பையில் போட்டு அனுப்புகிறோம். வேதிச் சோதனைக்கு அது சரி. உயிர்ச் சோதனைக்கு மண் ஈரம் காயாமல், குளிர்பெட்டியில், தாமதமின்றி ஆய்வகம் சேர வேண்டும். அதற்குப் பணமும் ஆளும் தேவை. எல்லா வயலுக்கும் உடனே இயலாது. பசுந்தாளுர விதை பெற்ற வயல்களில் வட்டாரத்துக்குச் சிலவற்றைத் தேர்ந்து, விதைக்கும் முன்பும் அடுத்த ஆண்டு அதே பருவத்திலும் சோதிக்கலாம். பக்கத்தில் விதை வாங்காத வயல் ஒன்றையும் சேர்த்துக்கொண்டால், திட்டத்துக்குச் செலவிட்ட பணம் மண்ணில் சேர்ந்ததா என்பதும் தெரிந்துவிடும்.