பற்றும் வரவும் எழுதிய நூல்கள்

புத்தகக் கடைகளின் முன்வரிசையில் வெற்றிக்கு வழிகாட்டும் நூல்களே இன்று மிகுதியாகக் காணப்படுகின்றன. அவற்றைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. எனினும், ஆண்டுக்கு ஐந்தாறு நூல்களை மட்டுமே வாசிக்க நேரம் வாய்க்கும் ஒருவர் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், உண்மையாக வாழ்ந்த மனிதரின் வரலாற்றையே நாம் முதலில் பரிந்துரைப்போம். அதற்கும் ஒரு சோதனை உண்டு. கணக்கேட்டில் வரவை மட்டும் எழுதிப் பற்றை மறைத்தால் இருப்பு பொய்யாகிவிடும். தன்வரலாறும் அத்தகையதே. இழப்பையும் பிழையையும் மறைக்காமல் எழுதிய நூலையே நாம் நம்பிக் கையில் எடுக்கலாம்.

இச்சோதனையில் முதலில் தேறுவது ஒரு வணிகரின் நூல். ஜவுன்பூரில் 1586இல் பிறந்த பனாரசிதாஸ், 1641இல் ‘அர்த்தகதானக்’ என்னும் தம் வரலாற்றைச் செய்யுளாக இயற்றினார். மனித ஆயுள் 110 ஆண்டுகள் என்பது அவர் கொண்ட கணக்கு. தமக்கு அப்போது வயது 55 ஆதலால் ‘பாதிக் கதை’ என்று பெயரிட்டார். வணிகத்திற்காகத் தந்தை கொடுத்தனுப்பிய மணிகளைக் கவனக்குறைவால் தொலைத்தது, ஆக்ராவில் கைப்பொருள் தீர்ந்தபின் கச்சோரி விற்பவரிடம் மாதக்கணக்கில் கடனுக்கு உண்டது, பிறந்த ஒன்பது குழந்தைகளையும் பறிகொடுத்தது என எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. இறுதியில் தம் நற்குணங்களை ஒரு பட்டியலாகவும் குறைகளை மற்றொரு பட்டியலாகவும் தருகிறார். முகலாயர் காலத்துச் சிறு வணிகரின் கடனும் கவலையும் நம்பிக்கையும் இந்நூலில் வெகு அருகில் தெரிகின்றன. இதற்கு ஆங்கில மொழிபெயர்ப்புகள் உள்ளன.

காந்தியடிகளின் ‘சத்திய சோதனை’ பல வீடுகளின் அலமாரியில் இருக்கிறது. அதை முழுமையாகப் படிப்பது நலம். 1925 முதல் 1929 வரை ‘நவஜீவன்’ இதழில் குஜராத்தி மொழியில் தொடராக வந்த நூல் அது. அண்ணன் பட்ட 25 ரூபாய் அளவிலான கடனைத் தீர்ப்பதற்காக அவருடைய காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடியதையும், பம்பாயில் முதல் வழக்கில் நா எழாமல் அமர்ந்துவிட்டதையும் அவரே கூறுகிறார். லண்டனில் மாணவராக இருந்தபோது வண்டிக் கட்டணம், அஞ்சல் செலவு வரை ஒவ்வொரு காசையும் எழுதிவைத்து, உறங்கச் செல்லுமுன் இருப்பைச் சரிபார்த்தார். பிற்காலத்தில் இலட்சக்கணக்கான பொதுப்பணத்தைச் சிக்கனமாகக் கையாள அப்பழக்கமே துணைநின்றது என்பது அவர் கருத்து. தவறுகளை ஒளிக்காத ஒருவர் சொல்வதால் இச்செய்தி நம் மனத்தில் தைக்கிறது.

பெண்கள் எழுத்தறிவது பழி எனக் கருதப்பட்ட 19ஆம் நூற்றாண்டு வங்கத்தில், ராஸ்சுந்தரி தேவி யாரும் அறியாமல் படிக்கக் கற்றார். நூலொன்றிலிருந்து எடுத்த தாளையும், மகன் எழுதிப் பழகிய பனையோலையையும் ஒளித்துவைத்து, வீட்டு வேலைகளுக்கு இடையே எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் எழுதிய ‘அமார் ஜீபன்’ வங்க மொழியின் முதல் முழுமையான தன்வரலாறாகப் போற்றப்படுகிறது. தாயின் இறுதிக் காலத்திலும் அவரைக் காணச் செல்ல இயலாத துயரை அவர் ஆறாத புண்ணாகவே அதில் பதிந்திருக்கிறார்.

தமிழில் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ இவ்வரிசையில் வைக்கத் தக்கது. 1940 முதல் தம் இறுதிக்காலமான 1942 வரை அவர் ‘ஆனந்த விகட’னில் இதை எழுதிவந்தார். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரிடம் தாம் கற்ற நூல்களை அடுக்கிச் சொல்லியும் அவர் வியக்கவில்லை என்பதையும், சீவக சிந்தாமணியைத் தாம் அதுவரை படித்ததில்லை என்பதையும் ஐயர் வெளிப்படையாகக் கூறுகிறார். அந்தக் குறையிலிருந்து தொடங்கிய உழைப்பே 1887இல் சிந்தாமணிப் பதிப்பாக வெளிவந்தது.

ஒருவர் தம் கணக்கைத் தாமே எழுதுவது ஒருவகை. பிறர் அருகிருந்து எழுதிவைப்பது மற்றொரு வகை. 2009இல் வெளியான ‘போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் தி புவர்’ இரண்டாம் வகையைச் சேர்ந்த ஆய்வு நூல். வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் 250க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களைத் தொடர்ந்து சந்தித்து, அவர்களுடைய வரவுசெலவை ஆய்வாளர்கள் பதிந்தனர். ஏழைகள் கைக்கும் வாய்க்குமாக வாழ்பவர்கள், அவர்களிடம் நிதித் திட்டம் இராது என்ற எண்ணத்தை இந்நூல் மாற்றுகிறது. சீட்டு, கைமாற்று, அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்த சேமிப்பு எனப் பல வழிகளை அவர்கள் ஒரே நேரத்தில் கையாள்வதைக் குடும்பம் குடும்பமாகக் காட்டுகிறது.

சில பக்கங்களில் வழிசொல்லும் நூல் இருக்கையில் இத்தனை விரிவான நூல்கள் எதற்கு என்று கேட்கலாம். வழிகாட்டி நூல் செய்ய வேண்டியதைச் சொல்லும். செய்து தவறியவர் மறுநாள் எப்படி எழுந்து நடந்தார் என்பதை அறிய ஒரு வாழ்க்கையின் முழு நீளமும் தேவைப்படுகிறது. தொழிலில் நட்டம் கண்டவர் அதை வீட்டில் சொல்லக் கூசி, மறைப்பதற்காகவே மேலும் கடன்படுவது நம் குடும்பங்களில் புதிதன்று. கடனுக்கு உண்ட கதையைத் தயங்காமல் எழுதிய பனாரசிதாஸைப் படித்த வீட்டில் அப்பேச்சைத் தொடங்குவது சற்று எளிதாகும் என்று நாம் நம்புகிறோம்.

ஆகவே இம்மாதம் இவற்றுள் ஒன்றை வாங்குங்கள், அல்லது அருகிலுள்ள நூலகத்தில் கேட்டுப் பெறுங்கள். படித்து முடித்தபின் அலமாரியில் பூட்டிவிடாமல், வீட்டிலுள்ள இளையோர் எடுத்துப் புரட்டும்படி கூடத்து மேசைமேல் வைத்துவிடுங்கள்.