தேடக்கூடாத தரவுத்தளம்

அமெரிக்காவில் ஒரு பள்ளியிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ துப்பாக்கிச் சூடு நடந்தால், மறுநாள் நம் நண்பர்கள் வட்டத்தில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: "அது அவங்க கல்ச்சர் பாஸ், ஒண்ணும் பண்ண முடியாது." சொல்பவர் படித்தவர், நல்லவர். இரண்டு வருஷம் ஆன்சைட் இருந்துவிட்டு வந்தவராகக்கூட இருப்பார். எனக்கு இந்த வாக்கியத்தின் மேல் தீராத எரிச்சல். 'கல்ச்சர்' என்ற சொல் இங்கே எதையும் விளக்குவதில்லை. சில ஆட்கள், சில குறிப்பிட்ட ஆண்டுகளில் உட்கார்ந்து எடுத்த முடிவுகளை, ஏதோ மழை வெயில் மாதிரி தானாக நடந்ததாகக் காட்டுகிறது. அவ்வளவுதான்.

என் தொழிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் உதாரணத்தில் ஆரம்பிக்கிறேன். மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்றொரு சிறு நகரம். குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் துப்பாக்கி யாருக்கு விற்கப்பட்டது என்று கண்டுபிடித்துச் சொல்லும் தேசிய மையம் அங்கேதான் இருக்கிறது. சினிமாவில் வருவதுபோல சீரியல் நம்பரைத் தட்டினால் திரையில் முகம் வந்துவிடும் என்று நினைப்போம். நடப்பது வேறு. மையத்து ஊழியர் முதலில் தயாரித்த கம்பெனியைக் கேட்கிறார். அவர்கள் ஒரு மொத்த வியாபாரியைக் கைகாட்டுகிறார்கள். அவர் ஒரு கடையைச் சொல்கிறார். கடைக்காரர் தன்னிடம் இருக்கும் 4473 என்ற படிவத்தைத் தேடி எடுத்து, வாங்கியவர் பெயரைச் சொல்கிறார். கடையை மூடிவிட்டால்? அந்தக் கடையின் காகிதங்கள் மூட்டை மூட்டையாக மார்ட்டின்ஸ்பர்க் வந்து சேரும். ஸ்கேன் செய்வார்கள், ஆனால் வெறும் படமாக. வாங்கியவர் பெயரைப் போட்டுத் தேட முடியாது. ஊழியர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்கள்.

இதற்குக் காரணம் காசில்லாமை இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. துப்பாக்கி வைத்திருப்பவர்களின் தேசியப் பதிவேடு இருக்கவே கூடாது என்கிறது 1986-ஆம் ஆண்டுச் சட்டம். நான் பார்த்த மோசமான டேட்டாபேஸ்கள் எல்லாம் அவசரத்திலோ அலட்சியத்திலோ மோசமானவை. மோசமாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டு வைத்திருப்பது, எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

இதோடு முடியவில்லை. 1993-இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. வீட்டில் துப்பாக்கி இருந்தால் அந்த வீட்டுக்குள் கொலை நடக்கும் அபாயம் கூடுகிறது என்றது அது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். முடிவு தப்பென்றால் இன்னோர் ஆய்வு செய்து மறுத்திருக்கலாம். அமெரிக்க நாடாளுமன்றம் 1996-இல் செய்தது என்ன? துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவாக அந்த மையம் ஒரு டாலர்கூடச் செலவழிக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டது. கூடவே, துப்பாக்கிக் காய ஆய்வுக்கு முந்தைய வருஷம் செலவான அதே 26 லட்சம் டாலரை பட்ஜெட்டில் வெட்டியது. மிரட்டல் புரிந்தது. இருபது வருஷத்துக்கும் மேல் அந்தத் துறையில் மத்திய அரசின் ஆய்வுப் பணம் ஏறக்குறைய வற்றிப்போனது. நிபந்தனையைக் கொண்டுவந்த ஜே டிக்கியே பிற்பாடு, 2012-இல், ஆய்வு நடக்கத்தான் வேண்டும் என்று எழுதினார். பணம் மறுபடி வந்தது 2019 கடைசியில்தான்.

2003-இல் இன்னொரு திருத்தம்: மார்ட்டின்ஸ்பர்க்கில் சேரும் தடமறியும் தகவல்களை வெளியே கொடுக்கக் கட்டுப்பாடு. 2005-இல் இன்னொரு சட்டம்: தங்கள் துப்பாக்கியை வைத்து ஒருவன் செய்த குற்றத்துக்காகத் தயாரிப்பாளர் மேலும் விற்பவர் மேலும் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவதற்குப் பெரும்பாலும் தடை. வரிசையாக வைத்துப் பாருங்கள்: எண்ணாதே, ஆராயாதே, வெளியே சொல்லாதே, வழக்குப் போடாதே. நாலும் ஓட்டெடுப்பில் நிறைவேறியவை. இதையா கல்ச்சர் என்கிறோம்?

கார் ஓட்டுவதும் அமெரிக்கக் கல்ச்சர்தானே. காருக்கு அங்கே இருக்கும் காதல் துப்பாக்கிக்குக்கூடக் கிடையாது. ஆனால் 1975 முதல் நாட்டில் நடக்கும் ஒவ்வொரு சாலை மரணமும் ஒரு மத்தியத் தரவுத்தளத்தில் ஏறுகிறது. எந்தச் சாலை, எந்த வண்டி, பெல்ட் போட்டிருந்தார்களா, குடித்திருந்தார்களா, எல்லாம். அதை வைத்து வண்டியை மாற்றினார்கள், சாலையை மாற்றினார்கள். ஓடும் மைலுக்குச் சாவு விகிதம் பல மடங்கு குறைந்தது. யாருடைய காரையும் யாரும் பிடுங்கவில்லை.

சரி, 'பழங்காலத்திலிருந்து இப்படித்தான்' என்கிற கதைக்கு வருவோம். கௌபாய் படங்களில் நாம் பார்த்த அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரத்தில், ஊருக்குள் ஆயுதம் தூக்கிக்கொண்டு நடக்க 1881-இல் தடை இருந்தது. ஓ.கே. கொரால் என்று சினிமா கொண்டாடும் அந்தத் துப்பாக்கிச் சண்டையே, தடையை மீறியவர்களிடம் ஆயுதத்தைப் பறிக்கப் போனபோது வெடித்ததுதான். 1871-இல் தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கம் குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொடுக்க வந்த சங்கம். அதை இன்றைய அரசியல் இயந்திரமாக்கியது 1977-இல் சின்சினாட்டி மாநாட்டில் நடந்த உட்கட்சிக் கலகம். இரண்டாம் சட்டத்திருத்தம் 1791-இல் வந்தது. அது தனிமனிதனின் துப்பாக்கி உரிமை என்று உச்ச நீதிமன்றம் முதன்முதலாகத் தீர்ப்புச் சொன்னது 2008-இல், அதுவும் ஐந்துக்கு நாலு. நாம் 'மரபு' என்று நினைப்பதில் பாதி, நம்ம அப்பா அம்மா காலத்துச் சரக்கு.

எதிர்த்தரப்பிலும் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அரசாங்கத்தின் கையில் பட்டியல் கொடுத்தால் அது ஒருநாள் நம் கதவைத் தட்டும் என்ற பயம். ஆதார் சண்டைகளைப் பார்த்த நாம் அதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு 1956-இல் மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி உரிமம் கேட்டார், மறுத்தார்கள். 1967-இல் பிளாக் பேந்தர்கள் துப்பாக்கியோடு கலிபோர்னியா சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்கள். அந்த வருஷமே பொது இடத்தில் குண்டேற்றிய துப்பாக்கி எடுத்துச் செல்வதைத் தடை செய்து கவர்னர் ரொனால்ட் ரீகன் கையெழுத்துப் போட்டார். கட்டுப்பாடு என்பது கறுப்பர்கள் மேல் மட்டும் பாய்ந்த வரலாறு நிஜம்.

ஆனால் அந்த வரலாறு சொல்வது, சட்டம் எல்லோர் மேலும் ஒரேமாதிரி இருக்க வேண்டும் என்பதைத்தான். தெரியாமலே இருப்போம் என்று சொல்லவில்லை. தெரியாமல் இருப்பதும் கொல்கிறது. 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவனின் பின்னணிச் சோதனை மூன்று வேலைநாளுக்குள் முடியவில்லை. முடியாவிட்டால் கடைக்காரர் விற்கலாம் என்பது சட்டம், விற்றார். 2017-இல் டெக்சஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் சுட்டவனின் குடும்ப வன்முறைத் தண்டனையை விமானப்படை தரவுத்தளத்தில் ஏற்றவே இல்லை. ஒரு ரெக்கார்டு. ஏற்றியிருந்தால் கடையில் 'கிடையாது' என்று வந்திருக்கும்.

கட்டுப்பாடு கேட்பவர்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. ஏஆர்-15 படத்தைப் போட்டுக் கோபப்படுகிறார்கள். கொலைகளில் பெரும்பாலானவை கைத்துப்பாக்கியால் நடப்பவை. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கும் மேல், 26,328 பேர், தற்கொலை. கேமரா இல்லை, மெழுகுவத்தி இல்லை. தற்கொலை எண்ணம் பலருக்கும் சில மணி நேரத்து அலை. மாத்திரை விழுங்கியவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையில் சாவதில்லை. துப்பாக்கி எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த 'பிறகு' கிடையாது. அலமாரிக்கு ஒரு பூட்டு, குண்டு வேறு இடத்தில், வாங்க வந்தவனுக்குச் சில நாள் காத்திருப்பு: இதெல்லாம் யாருடைய உரிமையையும் பறிப்பதில்லை. பேசத்தான் ஆளில்லை, ஏனென்றால் இதில் வில்லன் இல்லை.

மாறவே மாறாதா? உவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்ட ஒரு மாதத்தில், 2022 ஜூனில், ஏறக்குறைய முப்பது வருஷத்தில் முதல் பெரிய மத்தியச் சட்டம் நிறைவேறியது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கூடுதல் சோதனை. செனட்டில் 15 குடியரசுக் கட்சியினர் ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். சின்னச் சட்டம்தான். ஆனால் 'கல்ச்சர்' கையைத் தூக்கி ஓட்டுப் போடாது, ஆட்கள் போட்டார்கள். 1986-இலும், 1996-இலும், 2005-இலும் போட்டவர்களும் ஆட்கள்தான்.

அடுத்த முறை யாராவது "அது அவங்க கல்ச்சர்" என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த வருஷத்திலிருந்து? மார்ட்டின்ஸ்பர்க்கில் இந்நேரம் யாரோ ஓர் ஊழியர், மூடிப்போன ஏதோ ஒரு கடையின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருப்பார்.